பதினேழரை மார்க்

"டீச்சர், பதினேழரை மார்க் வீணாப் போவுது."

சுகிர்தா கடை வாசலில் வந்து நின்ற பிறகு ஒரு பஸ் போனது. இன்னொரு பஸ் போனது. அதற்குப் பிறகுதான் இந்த ஒரு வரி வெளியே வந்தது.

ரெஜினா டீச்சர் நிமிரவில்லை. மடியில் ஒரு மோட்டார் இருந்தது.

"எங்க போவுது?"

"வீணா, டீச்சர்."

"அது எந்த ஊரு?"

சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

திசையன்விளை பஜாரில் அந்தக் கடைக்கு இரண்டு வேலை. பகலில் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டுமிடம். சாயங்காலம் ஆறு மணியானால் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் டியூஷன். இரண்டுக்கும் ஒரே ஆள்தான். டீச்சருக்கு வயது முப்பத்துமூன்று. இஞ்சினியரிங் படித்தவர். விரல் நுனியில் எப்போதும் வார்னிஷ் வாசம்.

கேள்வி கேட்டால் அவர் பதில் சொல்ல மாட்டார். கையில் எதையாவது கொடுப்பார்.

'காந்தப்புலம் என்றால் என்ன?' என்று சுகிர்தா முதல் நாள் கேட்டபோது, ஒரு பழைய பம்புசெட் மோட்டாரைத் தூக்கி முன்னால் வைத்து, "பிரி" என்றார். பிரித்து முடிக்க நான்கு நாள் ஆனது. அதன் பிறகு அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை.

இப்போது அவள் ஃபைலைத் திறந்தாள். உள்ளே மூன்று தாள்கள்.

"இது சென்னைப் பக்கத்துல ஒரு யுனிவர்சிட்டி. கம்ப்யூட்டர் சயின்ஸ் தந்திருக்காங்க. இது கோயம்புத்தூர் யுனிவர்சிட்டி. இதுவும் கம்ப்யூட்டர் சயின்ஸ்."

"மூணாவது?"

"கவுன்சிலிங்ல வந்தது. நம்ம கரண்டு காத்தாடிப் பக்கம் இருக்குல்லா, கவர்மெண்ட் காலேஜ். எலெக்ட்ரிக்கல்."

மூன்றாவது தாளைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. டீச்சரும் அப்போதுதான் நிமிர்ந்தார்.

"என் கட்ஆஃப் நூத்தி எண்பத்தெட்டரை. அந்தக் காலேஜுல போன வருஷம் நூத்தி எழுபத்தொண்ணுக்கே சீட் கிடைச்சிருக்கு. அங்க சேர்ந்தா பதினேழரை மார்க் வீணாம். தெருவுல எல்லாரும் சொல்லுதாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள உறுதி பண்ணணும். பண்ணலன்னா அந்த சீட் போயிரும்."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"அப்ப நேரம் இருக்கு. நாளைக்கு அந்தப் பதினேழரையைக் கொண்டா. வீணாகாம நான் பத்திரமா வச்சிருக்கேன்."

டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலை எடுத்துக் காட்டினார். உள்ளே ஏதோ தாள்கள் சலசலத்தன.

"எப்படி டீச்சர் கொண்டு வர?"

டீச்சர் மறுபடி மோட்டாருக்குள் குனிந்துவிட்டார்.

*

வீட்டில் அப்பா போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணிட்டு மச்சான்! நான் போட்ட வரிசை என்ன, அது தந்திருக்கிற காலேஜ் என்ன!"

வேதமணிக்கு அரசு பஸ்ஸில் கண்டக்டர் வேலை. இருபத்திரண்டு வருஷம். பேசுவதே விசில் மாதிரி இருக்கும்: ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம். வீட்டில் சாப்பிடும்போதுகூட, போதும் என்றால் ஒரு விசில், இன்னும் கொஞ்சம் போடு என்றால் இரண்டு விசில். அம்மா அதற்கு ஏற்றபடி கரண்டியை நிறுத்துவாள், நகர்த்துவாள்.

கவுன்சிலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்தியது அவர்தான். மூன்று நாள் உட்கார்ந்து, போன வருஷ கட்ஆஃபைப் பார்த்து, பெரியதிலிருந்து சின்னது வரை நூற்றுப் பதினான்கு கல்லூரிகள். ஒரு மார்க்கூட வீணாகாத வரிசை. காற்றாலைப் பக்கத்துக் கல்லூரி நூற்றுப் பதினான்காவது. சும்மா கிடக்கட்டும் என்று கடைசியில் போட்டது.

அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பிரவுசிங் சென்டரில் அவர் டீ குடிக்க வெளியே போனார். அந்த நேரத்தில் சுகிர்தா மேல்நோக்கிய அம்புக்குறியை அமுக்க ஆரம்பித்தாள். ஒருமுறை அமுக்கினால் ஒரு படி ஏறும். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அந்தக் கல்லூரி முதலிடத்தில் இருந்தது. அவர் கடைசி எண் நூற்றுப் பதினான்கா என்று மட்டும் பார்த்து, "சரியா இருக்கு" என்றார்.

இன்றுவரை அவள் சொல்லவில்லை.

*

புதன்கிழமை காலையில் மார்க் ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எந்தப் பதினேழரையைக் கொடுப்பது?

கணக்கில் தொண்ணூற்றாறு. அதில் கை வைக்க மனசு வரவில்லை.

பிசிக்ஸில் தொண்ணூற்றைந்து. அதில் பாதி எரிந்துபோன மோட்டார்கள் தந்தது. கொடுப்பதற்கில்லை.

கெமிஸ்ட்ரியில் தொண்ணூறு.

சாயங்காலம் ஒரு துண்டுத் தாளைக் கொண்டுபோய் நீட்டினாள். "கெமிஸ்ட்ரி – பதினேழரை" என்று எழுதியிருந்தது.

டீச்சர் வாங்கிப் பார்த்தார். கட்ஆஃபில் கெமிஸ்ட்ரி பாதியாகத்தான் சேரும். மனசுக்குள் கணக்குப் போட்டார்.

"அப்ப மார்க் ஷீட்டுல முப்பத்தஞ்சு குறையும். பாஸ் ஆயிருவியா?"

"அம்பத்தஞ்சு மிச்சம் இருக்கு டீச்சர். பாஸ்தான்."

"சரி. கொடுத்துட்ட. இப்ப கெமிஸ்ட்ரியில எதெல்லாம் மறந்துட்டு?"

சுகிர்தா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். ஒவ்வொரு பாடமாகத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணும் மறக்கல டீச்சர்."

"என்ன பிள்ள நீ! பத்திரமா வைக்கச் சொல்லி வெறும் தாளைக் கொண்டாந்திருக்க?"

இருந்தாலும் பாட்டிலைத் திறந்து அதையும் உள்ளே போட்டார். மூடுவதற்குள் சுகிர்தா பார்த்துவிட்டாள். உள்ளே வேறு தாள்கள் இருந்தன. ஒன்றில் நாலு. ஒன்றில் இருபத்திமூணரை. அடியில் மஞ்சளாகிப்போன ஒன்றில் முப்பத்தொன்று. அதில் மூன்றின் வால் நீளமாகக் கீழே இழுத்திருந்தது. கரும்பலகையில் டீச்சர் எழுதுகிற அதே மூன்று.

அவள் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அவளுக்குக் குறைவு. பார்க்கிற பழக்கம்தான் அதிகம்.

"இனி என்ன?" என்றார் டீச்சர்.

"அப்பா."

"அது வேற சாமான். நாளைக்கு அதையும் கொண்டா."

*

கொண்டுவர வேண்டிய தேவை இருக்கவில்லை. வியாழக்கிழமை ட்யூட்டி முடிந்ததும் வேதமணியே வந்துவிட்டார். காக்கிச் சட்டை. தோளில் தோல்பை. கையில் கவுன்சிலிங் பட்டியலும் நான்கு வெள்ளைத் தாளும். பின்னால், தூணோடு தூணாக, சுகிர்தா.

"டீச்சர், நீங்க இஞ்சினியர். கம்ப்யூட்டர் தப்பு பண்ணுமா?"

"பண்ணாது அண்ணாச்சி."

"பண்ணியிருக்கு! மெட்ராஸுக்கு இங்கிலீஷ்ல ஒரு புகார் எழுதித் தாங்க. கடைசியில கிடந்த காலேஜைத் தூக்கி எம்பிள்ள தலையில போட்டுட்டு."

டீச்சர் அந்தப் பட்டியலை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தார்.

"இதுல முதல் சாய்ஸே அதுதானே போட்டிருக்கு?"

"அதைத்தான் சொல்லுதேன். கம்ப்யூட்டர் தப்பு."

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்றது. டக். டக். டக்.

"கம்ப்யூட்டர் இல்லப்பா" என்றாள் சுகிர்தா. "நான்."

வேதமணி திரும்பினார்.

"எப்ப?"

"நீங்க டீ குடிக்கப் போனப்ப."

"நூத்திப் பதிமூணு தடவ அமுக்கணுமேட்டி!"

"அமுக்கினேன்."

"ஒரு டீக்குள்ளயா?"

"ரெண்டு வடையும் சாப்பிட்டீங்கப்பா."

டீச்சர் மோட்டாரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். மோட்டார் குலுங்கியது.

வேதமணி ஒரு கவிழ்ந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தார். கோபப்படத்தான் நினைத்தார். வடை குறுக்கே வந்துவிட்டது.

"ஏன் மக்கா? வண்டியில ஒரு சீட்டு காலியாப் போனாலே எனக்கு மனசு கேக்காது. இது பதினேழரை மார்க்குல்லா."

சுகிர்தா தன் வாழ்நாளில் பேசியதிலேயே நீளமான பேச்சை அப்போதுதான் பேசினாள்.

"நம்ம குளத்துக்குத் தெக்க வரிசையா காத்தாடி நிக்குல்லாப்பா. மூணாவது காத்தாடி நான் ஒன்பதாம் கிளாஸ் படிக்கும்போது நின்னது. இன்னும் சுத்தல. மத்ததெல்லாம் சுத்துது. டெய்லி ஸ்கூலுக்குப் போகும்போது பார்ப்பேன். அந்தக் காலேஜுல ஒரு காத்தாடியோட தலையைக் கீழ இறக்கி, பிரிச்சு வச்சிருக்காங்க. ஸ்கூல்ல கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. உள்ள என்ன இருக்குன்னு பார்த்தேன். டீச்சர் கடையில இருக்கிறதுதான். பெருசா இருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

அவ்வளவு பேசியதில் அவளுக்கே மூச்சு வாங்கியது.

"எல்லாஞ் சரி. அதுக்கு இம்புட்டு மார்க்கையா விடுறது?" என்றார் வேதமணி. டீச்சரைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க."

டீச்சர் மோட்டாரைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, உங்க வண்டியில ஒருத்தன் திருச்செந்தூருக்கு டிக்கெட் எடுத்திருக்கான். வழியில உடன்குடியிலயே எந்திரிச்சு இறங்கணும்ங்கான். என்ன செய்வீங்க?"

"விசிலடிச்சு நிப்பாட்டி இறக்கிவிடுவேன்."

"திருச்செந்தூருக்குல்லா டிக்கெட் எடுத்திருக்கான்?"

"எடுத்தா என்ன டீச்சர்? அவன் சோலி உடன்குடியில இருக்கும். பிடிச்சு இழுத்துட்டா போக முடியும்?"

"மிச்ச டிக்கெட்டு?"

வேதமணி தோளில் கிடந்த தோல்பையைத் தொட்டுப் பார்த்தார்.



மின்விசிறி டக் என்றது.

டீச்சர் செம்புக் கம்பியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து வேதமணி எழுந்தார். வெள்ளைத் தாள்களை எடுக்க மறந்து வாசல்வரை போனார். அங்கே நின்றார்.

"எத்தனாவது காத்தாடின்ன?"

"மூணாவதுப்பா."

"டெய்லி டிப்போவுக்கு அந்த வழியாத்தான் சைக்கிள்ல போறேன். நான் பாத்ததே இல்ல."

*

வெள்ளிக்கிழமை. நாலு மணி நாற்பத்தெட்டு நிமிஷம்.

பிரவுசிங் சென்டரில் சுகிர்தா உட்கார்ந்திருந்தாள். அப்பா இன்னும் வரவில்லை. சென்டர்காரர் இசக்கி பக்கத்தில் நின்று திரையைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லா யோசிச்சியாம்மா? நூத்தி எண்பத்தெட்டரை வச்சுக்கிட்டு யாராவது இதை எடுப்பாங்களா? பதினேழரை மார்க் சுத்தமா வீணு."

சுகிர்தாவின் விரல் மவுஸ் மேல் இருந்தது. நூற்றுப் பதிமூன்று தடவை அமுக்கிய அதே விரல். இப்போது ஒரே ஒரு தடவை அமுக்க வேண்டும். வரவில்லை.

நாலு ஐம்பத்திரண்டு.

படியில் தோல்பை சத்தம் கேட்டது. வேதமணி உள்ளே வந்தார். வேர்த்து ஊற்றியது.

"காலையில நின்னு பாத்தேன்" என்றார். "சுத்தல. சாயங்காலமும் போய்ப் பாத்துட்டுத்தான் வாறேன்."

"அண்ணாச்சி, நீங்களாவது பிள்ளைக்கு எடுத்துச் சொல்லுங்க" என்றார் இசக்கி. "பதினேழரை மார்க்…"

வேதமணி சட்டைப் பையில் கை விட்டார். விசிலை எடுத்தார்.

ஒரு விசில் அடித்தார்.

சென்டரில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். இசக்கி வாயைப் பொத்திக்கொண்டார். சுகிர்தாவின் விரல் மவுஸிலிருந்து தானாக எழும்பியது. ஒரு விசில் என்றால் நிறுத்து. அவளுக்குத் தெரியாதா?

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"உடன்குடியெல்லாம் இறங்கு" என்றார் அப்பா.

பிறகு, இரண்டு விசில்.