கண் காவல்

வெள்ளிமுடிக் குகையில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லோரும் கண்மூடித் தியானத்தில் அமரும்போது, ஒருவர் மட்டும் கண் திறந்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். களைத்துப்போனால் இன்னொருவரைத் தட்டி எழுப்பிக் காவலுக்கு வைத்த பிறகுதான் கண் மூடலாம்.

கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்திவிட்டு, தம்பி மாசிலாமணியோடு அங்கே வந்து சேர்ந்தவர் கோதண்டம். குரு அஞ்சனையம்மா அவரைவிட இளையவர்.

"இந்தக் காவல் பாம்புக்கா, திருடனுக்கா?" என்றார் கோதண்டம்.

"ரெண்டுக்கும் இல்லை. உட்கார்ந்தவங்க உட்கார்ந்திருக்கணுமே, அதுக்கு."

கோதண்டம் சிரித்துவிட்டார். "எங்க பாடத்தை எனக்கே விக்கிறீங்களாம்மா? எலெக்ட்ரான் இன்ன இடத்துல இருக்குன்னு பார்க்கிற வரைக்கும் சொல்ல முடியாது. பார்த்தாத்தான் ஓரிடத்துல நிக்கும். அது துகளுக்கு. மனுஷனுக்கு இல்லை."

"துகள் எங்கே முடியுது, மனுஷன் எங்கே ஆரம்பிக்கிறான், வாத்தியாரே?"

"அந்தக் கோட்டை இன்னும் யாரும் போடலை."

"அப்ப கண்ணை மூடாதீங்க. அவ்வளவுதான்."

அன்று மாலை காவல் அவருடையது. மாசிலாமணி குளித்த ஈரத்துண்டை அண்ணன் மடியில் எறிந்துவிட்டு, "குறட்டை விட்டா எழுப்புண்ணே" என்று எதிர்ப்பாறையில் அமர்ந்தான்.

இந்தக் கதையை உடைத்தே தீருவது என்று கோதண்டம் வேண்டுமென்றே கண்ணை மூடினார். ஒரு மூச்சு நேரம்.

திறந்தபோது எதிர்ப்பாறையில் பாசி. யாருமே ஒருபோதும் உட்கார்ந்திராத, தடித்த பச்சைப் பாசி.

"மாசிலாமணி!"

எல்லோரும் விழித்தார்கள். கஞ்சி காய்ச்சும் செவ்வந்தி கேட்டாள். "யாருங்க அது?"

"என் தம்பி! காலையில உனக்கு விறகு உடைச்சானே!"

"நீங்க தனியாத்தானே வந்தீங்க?"

மடியில் துண்டு இன்னும் ஈரமாக இருந்தது.

குரு அருகே வந்தார். "எனக்கும் அவனை நினைவில்லை. ஆனா நம்பறேன். கண் மூடினா யார் போவாங்கன்னு சொல்ல முடியாது. காவல் இருந்தவருக்கு மட்டும் நினைவு போகாது."

"அவனைத் திருப்பிக் கொடுங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க."

"என் கையில இல்லாததுக்கு நான் என்ன விலை சொல்ல? அவன் இப்ப எந்த இடத்துலயும் இல்லை. அவன்கிட்டப் போக ஒரே வழிதான் இருக்கு."

"சொல்லுங்க. போறேன்."

"உங்களை யாரும் பார்க்காம இருக்கணும்" என்று குரு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். செவ்வந்தி மட்டும் கண் இமைக்காமல் கோதண்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஈரத்துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

சுவரைப் பார்த்தபடியே குரு கேட்டார்: "அவளையும் திரும்பச் சொல்லவா, வாத்தியாரே?"