கியர் பெட்டிக்கு உதவி

"இந்த வண்டிக்கும் எனக்கும் ஒத்துப்போகலை தாயி. ரெண்டு பேர்ல ஒருத்தர் மாறணும்" என்றார் சேவுகன்.

ஒரு காரின் அடியிலிருந்து அமலி தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"யாரு மாறணும்ங்கிறீங்க?"

"வண்டிதான். எனக்கு வயசு அம்பத்தேழு. அதுக்கு எட்டு மாசம்."

அமலி சிரித்துக்கொண்டே எழுந்து கையைத் துடைத்தாள். காரைக்குடியில் கோவிலூர் சாலையோரம் அவளுடைய பட்டறை. வயது முப்பத்துநான்கு. கியர் பெட்டியைத் தவிர வேறு எதையும் தொடமாட்டாள். மற்றவர்கள் கைவிட்ட பெட்டிகள் அவளைத் தேடி வரும். அவள் அதிகம் பேசமாட்டாள் என்று ஊரில் பேச்சு.

சேவுகன் மெய்யம்மை ஆச்சியின் கல்யாணச் சமையல் வண்டியை ஓட்டுபவர். முப்பது வருஷமாக சாம்பார், ரசம், பாயசம் என்று அண்டா அண்டாவாக ஏற்றிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போனவர். ஒரு பொட்டுச் சிந்தியதில்லை. எல்லாம் கிளட்ச் மிதித்துக் கியர் போட்டு ஓட்டிய காலம். போன பங்குனியில் ஆச்சி புதிதாக ஒரு பிக்கப் வாங்கினார். அதில் கிளட்ச் கிடையாது. கியர் தானாக மாறிக்கொள்ளும்.

"எட்டுக் கியராம்" என்றார் சேவுகன். "எட்டு மருமக இருக்கிற வீடு மாதிரி இருக்கு. ரெண்டு போயி மூணு வரும்னு பாத்தா, வாசல்ல நின்னு யோசிக்குது. அப்புறம் முதுகுல ஒரே தள்ளு."

"கம்பெனியில காட்டினீங்களா?"

"மூணு தடவ. கம்ப்யூட்டரை மாட்டிப் பாத்துட்டு, கோளாறு இல்லைன்னு தாள் குடுத்துட்டான். அந்தத் தாளை ரசத்துகிட்ட காட்டவா முடியும்?"

"ரசம் என்ன பண்ணிச்சு?"

சேவுகன் குரலைத் தாழ்த்தினார்.

"போன முகூர்த்தத்துல துள்ளிப் போய்ப் பாயசத்துல விழுந்திருச்சு."

அமலி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சிரிக்காத தாயி. மாப்பிள்ளையோட பெரியப்பா, புது ருசியா இருக்கேன்னு ரெண்டாவது டம்ளர் வாங்கிக் குடிச்சாரு. ஆச்சிக்கு அதுதான் தாங்கல. வர்ற வியாழக்கிழமை கண்டனூர்ல கல்யாணம். ஒரு பொட்டுச் சிந்தினாலும் வண்டிச் சாவியை வேற ஆள்கிட்ட குடுத்திருவேன்னுட்டாங்க. நான் காய்கறிக் கடைக்குக் கட்டைப்பை தூக்கிட்டுப் போகணும்."

அவர் வண்டியின் கதவில் கையை வைத்தபடி நின்றார். என்னதான் திட்டினாலும் தினமும் அதைத் துடைப்பவர் அவர்தான் என்பது அந்தக் கையிலேயே தெரிந்தது.

அமலி பெட்டியிலிருந்து கொஞ்சம் எண்ணெய் இறக்கி விரலில் தேய்த்தாள். மோந்து பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். புது எண்ணெய்போலச் செக்கச்செவேல் என்று இருந்தது.

"ஓட்டுங்கண்ணே" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

அவர் ஓட்டினார். வண்டி தயங்கியது, தள்ளியது, மறுபடி தயங்கியது. அமலி சாலையைப் பார்க்கவில்லை. வேகம் காட்டும் முள்ளையும் பார்க்கவில்லை. குனிந்து கீழேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

திரும்பும்போது அவள் ஓட்டினாள். எண்ணெயில் வழுக்குவதுபோல் போயிற்று வண்டி.

"பாத்தியா! உன்கிட்ட பூனையாட்டம் போகுது. என்கிட்ட மட்டும் ஏன் இந்தக் குதி?"

அமலி வண்டியைப் பட்டறையில் நிறுத்தினாள். இறங்கியதும் டிரைவர் பக்கத்து ரப்பர் விரிப்பை உருவி வெயிலில் காட்டினாள். வலது பக்கம் புதுசாகவே இருந்தது. இடது ஓரத்தில் மட்டும் ஒரு குதிகால் அளவுக்கு வழவழவென்று குழி விழுந்திருந்தது.

"இந்த வண்டியில இல்லாத சாமான் ஒண்ணு தேஞ்சு போயிருக்கு" என்றாள்.

"இல்லாதது எப்படித் தாயி தேயும்?"

"நாளைக்கு வரும்போது ஒரு அண்டா கொண்டு வாங்க."

*

மறுநாள் காலையில் அமலி அந்த அண்டாவைப் பிக்கப்பின் பின்பக்கம் ஏற்றி, குழாயை வைத்துக் கழுத்துவரை தண்ணீர் பிடித்தாள்.

"ஏறுங்கண்ணே. அண்டாவைப் பிடிச்சுக்குங்க."

"நானா? பின்னாலயா?"

"ரசம் எங்க உக்காரும்?"

சேவுகன் வேட்டியை மடித்துக் கட்டி ஏறினார். முப்பது வருஷத்தில் அந்த இடத்தில் அவர் உட்கார்ந்ததே இல்லை.

வண்டி புறப்பட்டது. முதல் இருபது அடியில் ஒரு தள்ளு. தண்ணீர் எழும்பி அவர் மடியில் விழுந்தது. அடுத்த தள்ளில் மார்பு. அதற்கடுத்ததில் மூக்கு. "ஏய் தாயி!" என்று அவர் கூப்பிட்டது எதிரில் வந்த பள்ளிக்கூட வேனில் இருந்த குழந்தைகளுக்குக் கேட்டது. அவர்கள் ஆசையாகக் கையசைத்தார்கள்.

பட்டறைக்குத் திரும்பியபோது அண்டாவில் பாதிதான் இருந்தது. மீதியைச் சேவுகன் உடுத்தியிருந்தார்.

"நேத்து அவ்வளவு அழகா ஓட்டின! இன்னிக்கு இது என்ன ஓட்டு? எருமைகூட இப்படிப் போகாது."

"இது என் ஓட்டு இல்லண்ணே. நேத்துப் பாத்து வெச்சுக்கிட்டேன்."

அவர் முகத்தைத் துடைப்பதை நிறுத்தினார்.

"என்னதான் பண்ணின?"

"ஒத்தாசை."

"யாருக்கு?"

"கியர் பெட்டிக்கு. அது மாத்தப் போகுதுன்னு தோணினப்பெல்லாம் வலது காலை ஆக்ஸிலேட்டர்லேருந்து எடுத்தேன். இடது காலால கிளட்சை மிதிச்சேன்."

"கிளட்சே இல்லியே இதுல!"

சொல்லிவிட்டு அவர் வாய் மூடவில்லை. மெல்லத் திரும்பி, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ரப்பர் விரிப்பைப் பார்த்தார். அந்தக் குழியைப் பார்த்தார். தன்னுடைய இடது குதிகாலைப் பார்த்தார்.

பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நனைந்த சட்டை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அமலியும் அடக்க முடியாமல் டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆனா தாயி, பழைய வண்டிங்க எல்லாம் அதைத்தானே கேட்டுச்சு?"

"கேட்டுச்சு. நீங்களும் குடுத்தீங்க."

அவள் ஒரு சின்னக் கருவியை எடுத்து அதன் கம்பியை ஸ்டியரிங்குக்கு அடியில் மாட்டினாள்.

"அது என்ன?"

"ஓட்டுறவர் காலைப் பாத்து வண்டியும் பழகிக்கும்ணே. எட்டு மாசமா உங்ககிட்ட படிச்சிருக்கு. அதை மறக்கடிக்கிறேன்."

இரண்டு நிமிஷத்தில் கம்பியைக் கழற்றிவிட்டாள்.

"மறந்திருச்சா?"

"மறந்திருச்சு."

சேவுகன் ஆவலாகத் தன் காலை நீட்டினார்.

"இதுக்கும் அந்தக் கம்பியை மாட்டிவிடு தாயி."

"மாட்டுற எடம் இல்லண்ணே உங்களுக்கு."

*

செவ்வாயும் புதனும் அவர் ஆளில்லாத சாலையில் ஓட்டிப் பார்த்தார். இடது காலை மடித்து இருக்கைக்கு அடியில் தள்ளினார். அது சொன்ன பேச்சுக் கேட்டது. வலது கால்தான் கேட்கவில்லை. இன்ஜின் குரல் ஏற ஏற, அது தானாக எழுந்துகொண்டது.

புதன் சாயங்காலம் பட்டறைக்கு வந்து நின்றார்.

"காலை எடுக்காம இருன்னா, கால் என்னதான் செய்யும் தாயி?"

அமலி ஒரு பெட்டியைத் திறந்து போட்டிருந்தாள். நிமிரவில்லை.

"அது எதுக்காக எழுந்திருக்குது?"

"மாத்துற சத்தம் வருதான்னு காது பாத்துக்கிட்டே இருக்கு. வந்ததும் காலுக்குச் சொல்லிருது."

"அப்ப காதுக்கு வேற வேலை குடுங்க."

*

வியாழக்கிழமை. அண்டாக்கள் ஏறின. பாயச அண்டா வழக்கத்தைவிட விளிம்புவரை நிறைந்திருந்தது. ஆச்சியின் உத்தரவு அது. மூடியை இறுக்கவும் விடவில்லை. வாயில் ஒரு வெள்ளைத் துணியை மட்டும் கட்டச் சொன்னார். சிந்தினால் துணி காட்டிக்கொடுத்துவிடும்.

ஆச்சியே முன்பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

"எடு சேவுகா."

சேவுகன் எடுத்தார். கொஞ்ச தூரம் போனதும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆச்சி, உங்க கல்யாணத்துல என்ன பாயசம்?"

ஆச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"எதுக்கு?"

"தெரிஞ்சுக்கத்தான்."

"பாசிப்பருப்பு" என்றார் ஆச்சி. கொஞ்சம் பொறுத்து, "எனக்கு ஒரு வாய்கூடக் கிடைக்கல. எல்லாரும் சாப்பிட்டு முடிச்சப்ப அண்டாவைக் கழுவிக் கவுத்திட்டாங்க."

"அட கொடுமையே!"

"அதுக்கப்புறம் கேளு..." என்று ஆச்சி ஆரம்பித்தார். சம்பந்தி வீட்டுச் சண்டை, காணாமல் போன மாலை, மழையில் நனைந்த பந்தல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. சேவுகன் விழுந்து விழுந்து சிரித்தார். கண் சாலையில் இருந்தது. காது கல்யாண வீட்டில் இருந்தது. சாலையோரக் கண்மாய் வெயிலில் தகதகத்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆச்சி பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு இறங்கிப் பின்னால் போனார்.

சேவுகன் கண்ணாடியில் பார்த்தார். ஆச்சி வெள்ளைத் துணியைத் தடவினார். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். குனிந்து அண்டாவின் அடியைச் சுற்றி விரலால் துடைத்துப் பார்த்தார். ஈரமே ஒட்டாத அந்த விரலை உற்றுப் பார்த்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். ரயில் போயிற்று. கேட் திறந்தது.

தண்டவாளத்தைத் தாண்டினால் கண்மாய்க் கரைமேல் ஏற்றம். வண்டி ஏறியது. மேலே போய்ச் சமதரையில் ஓடியது.

"அப்ப ரிப்பேர் பண்ணியாச்சு" என்றார் ஆச்சி. "இப்ப எத்தனாவது கியர்ல போகுது?"

சேவுகன் வாயைத் திறந்தார். ஒரு கணம் யோசித்தார். அவர் முகம் முழுக்கச் சிரிப்புப் பரவியது.

"தெரியலையே ஆச்சி!"