கோலப்பொடிக்காரி கேட்ட ஒரு நிமிசம்

கால நீட்டிப் படு. போர்வைய இழுத்துக்கோ, காத்து ஒரு மாதிரி அடிக்குது, சளி புடிச்சா நாளைக்கு யாரு பாக்கறது. நடுவுல "ம்" சொல்லணும், இல்லன்னா நீ தூங்கிட்டியா முழிச்சிருக்கியான்னு எனக்குத் தெரியாது.

ரோட்டோரமா ஒரு ஊராம். அந்த ஊர்ல மாடத்தின்னு ஒரு கோலப்பொடிக்காரி. அப்போல்லாம் கோலப்பொடி பாக்கெட்ல வராது கண்ணு. தலையில கூடையில வரும், தேங்காச் சிரட்டையில அளந்து போடுவா. "கோலப்பொடியேய்ய்"னு அவ ஒரு சத்தம் குடுத்தா மூணு தெரு தாண்டிக் கேக்கும். கேட்ட உடனே பொம்பளைங்க கிண்ணத்தத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்துருவாங்க. அந்தச் சத்தத்த இப்போ எங்க கேக்க முடியுது.

ம். ஆனா பாத்துக்கோ, வாசல் வாசலா நின்னு பேசுறவளுக்கு, நாலு பேர் சேந்து நிக்கிற இடத்துல வாயே வராது.

அவளுக்கு ஒரே மக, பூங்கனி. ஆறாவது படிக்கிறா. பள்ளிக்கூடம் டவுன்ல, மூணு மைல். பஸ் இவங்க ஊர் வழியாத்தான் போகும், ஆனா நிக்காது. பாப்பாம் பாப்பாம்னு ரப்பர் ஹாரன அமுக்கிக்கிட்டு டுர்ர்ருன்னு போயிரும். வழியெல்லாம் முள்ளுக்காடு, விடியறதுக்கு முன்னால புள்ளைய அனுப்ப முடியுமா? விடிஞ்சப்புறம் நடந்தா தெனமும் லேட்டு. பெரிய டீச்சர் மாடத்தியக் கூப்பிட்டு, திங்கக்கிழமையிலேர்ந்து ஒரு நாள் லேட்டா வந்தாலும் பேர எடுத்துருவேன்னுட்டாங்க. மாடத்தியும் அஞ்சாவதோட நின்னவதான். இதே ரோடு, இதே நடை. மகளும் அப்படி நின்னுறக் கூடாதுன்னு நெனச்சா.

அப்புறம் என்ன பண்ணா? ஊர்ல பஸ்ஸ நிறுத்தச் சொல்லிக் கேக்கலாம்னு பஸ் ஆபீசுக்குப் போனா. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் என்னம்மா வேணும்னு கேட்டாரு. முதுகுக்குப் பின்னால பத்து பேர் வரிசையில நிக்கிறாங்கன்னு நெனப்பு வந்துச்சா, நாக்கு ஒட்டிக்கிச்சு. ஒண்ணுமில்லங்கன்னு சொல்லிட்டு வந்துட்டா. ஊர் வந்து சேர்ற வரைக்கும் தன்னத் தானே ஏசிக்கிட்டே வந்தா.

அப்புறம் ஊர்க்கூட்டம் வந்துச்சு. மைக்க அவகிட்ட நீட்டினாங்க. அது "கொய்ங்ங்"னு கத்துச்சு. இவ பயந்துபோய் கண்ண மூடிக்கிட்டு வாயத் தொறந்தா. என்ன வந்துச்சு தெரியுமா? "கோலப்பொடியேய்ய்." ஊரே சிரிச்சுது. நீயும் சிரிக்கிற, பாரு. அவ பாவம், முந்தானைய வாயில வச்சுக்கிட்டுப் போயிட்டா.

ம். திங்கக்கிழமையும் வந்துருச்சு. விடிஞ்சதும் ரோட்டோரமா வந்து நில்லுன்னு மககிட்டச் சொல்லிட்டு, மாடத்தி இருட்டுலயே முந்தின ஸ்டாப்புக்கு விறுவிறுன்னு நடந்து போய் பஸ்ல ஏறினா. எங்க ஊர்ல கொஞ்சம் நிறுத்துங்க அண்ணாச்சின்னு கண்டக்டர்கிட்ட கெஞ்சினா. அவரு டிக்கெட்டக் கிழிச்சுக்கிட்டே சொன்னாரு, "எனக்கென்ன தாயி? நிறுத்தினா நேரமாவுதுன்னு இவங்க என்னையத்தான் ஏசுவாங்க. நீயே இவங்ககிட்ட கேட்டுக்கோ."

ரெண்டு பேர் களுக்குன்னு சிரிச்சாங்க.

மாடத்தி திரும்பினா. அறுவது மூஞ்சி. பஸ்ஸு ஓடுது, தூரத்துல ஊர்த் தண்ணித்தொட்டி தெரிய ஆரம்பிச்சிருச்சு. அப்போ முன் சீட்டுல ஒரு மூக்குத்திக்காரம்மா இவளையே பாத்துச்சு, கிண்ணத்தோட வாசல்ல நிக்கிற மாதிரி. சரி, இதுவும் ஒரு வாசல்னு நெனச்சுக்கிட்டா. வாசல்ல எப்படிப் பேசுவா? யாருன்னு சொல்லணும். கூடையில என்ன இருக்குன்னு சொல்லணும். வெலையச் சொல்லணும். சொன்னப்புறம் வாய மூடிக்கணும். அங்க பேச்ச வளத்தா யாவாரம் போச்சு.

"நான் மாடத்தி, கோலப்பொடி விக்கிறவ. அடுத்த ஊர்ல எம் மக பையோட நிக்கா. இன்னைக்கு லேட்டாப் போனா அவ படிப்பு போயிரும். உங்ககிட்ட ஒரு நிமிசம் கேக்கேன்."

அம்புட்டுதான். வாய மூடிக்கிட்டா.

கடகடகடன்னு பஸ் சத்தம். இன்னும் நாலு வார்த்த தொண்ட வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டா. தண்ணித்தொட்டி பெருசாகிக்கிட்டே வருது.

பின்னாலேர்ந்து ஒரு மில்லுக்காரர் கனைச்சாரு. "நேரமாவுதுன்னு கத்துறவன் நாந்தான்யா. நிறுத்து. நாளைக்கும் நிறுத்து."

நிறுத்துப்பான்னு மூக்குத்திக்காரம்மாவும் சொல்லிச்சு. பீஈஈன்னு விசில். கிரீச்ச்சுன்னு நின்னுச்சு பஸ்ஸு.

பூங்கனி ஏறல. தெனமும் இந்த பஸ்ஸு புழுதிய வாரி அடிச்சுட்டுத்தான போகும்? அந்தப் பழக்கத்துல கண்ண இறுக்க மூடி, பையால மூஞ்ச மறைச்சுக்கிட்டு நிக்கிறா. புழுதி அடங்கியாச்சு, அப்பவும் தொறக்கல. தனக்காக பஸ்ஸு நிக்கும்னு அந்தப் புள்ளைக்கு எப்படித் தெரியும்? மாடத்தி ஜன்னல் வழியா கைய கைய ஆட்டினா, கண்ண மூடினவளுக்கு எங்க தெரியும்? அப்போ ஜன்னல் ஜன்னலா தலை நீட்டி, அந்த பஸ்ஸே கூப்பிட்டுச்சு: "ஏறு தாயி, ஏறு."

ஏறிட்டா. பஸ்ஸு கெளம்பிருச்சு, கதையும் அதுல ஏறிப் போயாச்சு. கையெடுத்து உள்ள வையி. கண்ண மூடு.