ரூத்து சொன்ன ஜெபக்குறிப்பு

பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குக் கிருபாவதி அம்மாள்தான் தலைவி. யாருக்காக, எதற்காக ஜெபிக்கணும் என்று 'ஜெபக்குறிப்பு' கேட்டுக் கேட்டே ஊர்வம்பு முழுவதையும் கறந்துவிடுவாள். அன்று டீச்சர் வீட்டில் வேலை செய்துகொண்டு, தேவாலயத்தையும் கூலிக்குப் பெருக்கும் ரூத்து மாட்டிக்கொண்டாள்.

"ஏட்டி, டீச்சர் மக ஏன் புருசனை விட்டுட்டு வந்திருக்கா? விவரமாச் சொல்லு, ஜெபிக்கணும். சொல்லலேன்னா நாளையில இருந்து கோயில் பெருக்க வராத."

"ஜெபத்துக்குத்தானேம்மா? எல்லாரும் கண்ணை மூடுங்க."

மூடினார்கள், காதைத் தீட்டிக்கொண்டு.

"ஆண்டவரே, டீச்சர் மக விஷயம் உமக்குத் தெரியும். நல்லபடியா முடிச்சுத் தாரும். ஆமென்."

கிருபாவதி அம்மாள் வெடுக்கென்று கண்ணைத் திறந்தாள். "விஷயத்தையே சொல்லலியேட்டி!"

"ஜெபத்தைக் கேக்கிறவருக்குத் தெரியுமேம்மா. வேற யாருக்குச் சொல்லணும்?"

கூட்டமே சிரித்த பிறகு ரூத்தை யார் விரட்டுவது? அன்றுதான் முதல் தடவையாக, அடுப்பில் வைத்த சுக்குக்காப்பி கொதிக்குமுன்னே ஜெபக்கூட்டம் முடிந்தது.