ஆட்காட்டிக்குக் கூடு இல்லாமல் போனது

அந்தக் காலத்தில், மானும் குரங்கும் பறவையும் ஒன்றோடொன்று வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாளில், காட்டிலேயே அழகான கூடு ஆட்காட்டியுடையது. நம்ப மாட்டீர்கள். இன்று மொட்டைத் தரையில் நாலு கூழாங்கல்லுக்கு நடுவே முட்டை இட்டுவிட்டு, யார் வந்தாலும் தொண்டை கிழியக் கத்துகிறதே, அதே பறவைதான். அன்று அது கோரையையும் நாணலையும் பின்னி, முழங்கால் உயரத்துக்கு வட்டமாகச் சுவர் எழுப்பி, உள்ளே இலவம்பஞ்சு விரித்துத்தான் முட்டை இடும். கத்தவும் கத்தாது. அடக்கமான குரல். அந்தக் குரலும் அந்தக் கூடும் எப்படிப் போயின என்பதுதான் கதை. சந்தோஷமான கதை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மோயாற்றங்கரையில் மாதி என்று ஓர் ஆட்காட்டி இருந்தாள். குட்டிகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது அவள் வேலை. எல்லோரும் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் ஏது டீச்சர் என்று கேட்காதீர்கள். குரங்கு பேசியதை நம்புகிறவர்கள் இதையும் நம்பலாம்.

அவள் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று: தெற்கே இருக்கிற ஐந்து நாடுகள். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா என்று இன்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோமே, அவைதான். பெயர்கள் பின்னால் வந்தவை. நமக்குப் புரியட்டும் என்று அவற்றையே சொல்கிறேன். அன்று அவற்றுக்கு நடுவே வேலியும் இல்லை, எல்லையும் இல்லை. பிறகு எதற்குப் பாடம்? பிழைப்பதற்குத்தான். ஆனி ஆடியில் கேரளத்துப் பக்கம் மழை கொட்டும்போது தமிழ்நாட்டுப் பக்கம் புல் காய்ந்து கிடக்கும். ஐப்பசியில் தமிழ்நாட்டில் மழை பிடித்துக்கொள்ளும். காவிரி கர்நாடகத்து மலையில் பிறக்கிறது. கோதாவரி தெலங்கானாவின் பாறைக் காட்டைத் தாண்டி ஆந்திரத்தில் போய்க் கடலில் விழுகிறது. எந்த மாதத்தில் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று தெரியாத குட்டி, அடுத்த வருஷம் உயிரோடு இருக்காது.

அந்த வருஷம் மாதியிடம் ஐந்து பிள்ளைகள். நஞ்சி என்ற புள்ளிமான் குட்டி, மசணன் என்ற குரங்குப் பயல், காளன் என்ற யானைக்கன்று, அப்புறம் ஒரு நீர்நாய்க்குட்டி, ஒரு முயல்குட்டி. ஐந்தும் ஐந்து விதம். பாடம் மட்டும் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை.

"காவிரி எங்க பொறக்குது?" என்பாள் மாதி.

"ஆந்திரால, டீச்சர்!" என்பான் மசணன், கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு.

"தெலங்கானால கடல் எந்தப் பக்கம் இருக்கு?"

"கிழக்கால!" என்று ஐந்தும் ஒரே குரலில் கத்தும். தெலங்கானாவில் கடலே கிடையாது.

மாதிக்கு மூன்று நாள் இரை இறங்கவில்லை. நான்காம் நாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஆறு வற்றி ஒதுங்கிய இடத்தில் வண்டல் மண் ஈரமாக, பாய் விரித்தது போலக் கிடந்தது. அதில் காலால் கீறி ஐந்து நாட்டையும் வரைந்தாள். ஒவ்வொன்றும் ஒரு களத்து அகலம். அவள் கால் கீறியது மெலிந்து தெரிந்ததால், காளனைக் கூப்பிட்டு, "நீ உன் காலை இழுத்துக்கிட்டே இது மேல நட, சாமி. நல்லா அழுந்தட்டும்" என்றாள். யானைக்கன்று நடந்தது. கோடு அரையடி ஆழத்துக்கு விழுந்தது.

"இனிமே நீங்கதான் நாடு. நஞ்சி, நீ தமிழ்நாடு. மசணன் கேரளம். காளன் கர்நாடகம். நீர்நாய்க்குத் தண்ணி வேணும், அதனால ஆந்திரா. முயல் தெலங்கானா. அவங்கவங்க இடத்துல நில்லுங்க. அடுத்தவன் இடத்துக்குப் போகணும்னா, கோட்டுக்கிட்ட நின்னு, அந்த நாட்டுப் பேரைச் சொல்லி, வரட்டுமான்னு கேக்கணும். அவன் வான்னு சொன்னாத்தான் போகணும்."

பிள்ளைகளுக்கு ஆட்டம் என்றால் கேட்கவா வேண்டும்! பத்தே நாளில் பாடம் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. பக்கத்து ஆற்றங்கரைகளிலிருந்து வேறு டீச்சர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். "அடடா, என்ன சாமர்த்தியம்!" என்று சொல்லிவிட்டு, தங்கள் ஊருக்குப் போய் அங்கேயும் கோடு போட்டார்கள். மாதிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஒருநாள் நஞ்சி ஒரு தட்டானைத் துரத்திக்கொண்டு, கேட்காமல் கொள்ளாமல் கோட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் குதித்துவிட்டாள். மாதிக்குக் கோபம் வந்துவிட்டது. மற்ற டீச்சர்கள் பார்த்துக்கொண்டிருந்த நாள் அது. அதனாலேயே கோபம் கொஞ்சம் அதிகமாக வந்தது என்று நினைக்கிறேன். நஞ்சியை வெளியே தள்ளி, வெயிலில், ஆட்டத்தில் சேர்க்காமல், பொழுது சாயும் வரை நிற்க வைத்தாள். மற்ற நாலும் சிரித்தன. நஞ்சி அழுதாள்.

"இனிமே தாண்டுவியா?"

"மாட்டேன், டீச்சர்."

"சாகிற வரைக்கும்?"

"சாகிற வரைக்கும் மாட்டேன், டீச்சர்."

இந்த வார்த்தையை மாதி அன்றே மறந்துவிட்டாள். குட்டி மறக்கவில்லை.

பங்குனி போய்ச் சித்திரை வந்தது. அப்படி ஒரு வெயிலை அந்தக் காடு கண்டதில்லை. மோயாறு ஓடை ஆகி, ஓடை குட்டை ஆகி, கடைசியில் ஒரே ஒரு குட்டைதான் மிஞ்சியது. அது மாதி வரைந்த கேரளத்தை ஒட்டி இருந்தது. மற்ற மூன்று பக்கமும் செங்குத்தான பாறை. தண்ணீர் வேண்டும் என்றால் மசணன் இடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். வண்டல் மண் காய்ந்து செங்கல்லாக இறுகியிருந்தது. கோடும் இறுகியிருந்தது.

பெரியவர்கள் யாரும் அந்தக் கோட்டைச் சட்டை செய்யவில்லை. தாண்டிப் போய்க் குடித்தார்கள். பிள்ளைகள்தான் ஆட்டத்தை விடவில்லை. "கேரளம், வரட்டுமா?" என்பார்கள். "வா, வா" என்பான் மசணன், ராஜா மாதிரி. அவனுக்கு அதில் ஒரு பெருமை. பாவம், கெட்ட பையன் இல்லை. ஒருநாள்கூட யாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

வெயில் ஏற ஏறக் காளன் கூட்டத்தோடு கர்நாடகத்து மலைக்குப் போய்விட்டான். நீர்நாயும் முயலும் பெற்றவர்களோடு எங்கோ போய்விட்டன. மாதி பள்ளிக்கு விடுமுறை விட்டாள். அவள் நாலு முட்டை இட்டிருந்தாள். அந்த வருஷக் கூட்டை வழக்கத்தைவிட உயரமாகக் கட்டியிருந்தாள். உட்கார்ந்தால் வானம் மட்டும்தான் தெரியும்.

நஞ்சியின் அம்மா சிங்கிக்குப் பால் வற்றிவிட்டது. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பிடி பச்சைப் புல் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒருநாள் காலையில் கிளம்பினாள். குட்டியால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. கூட்டுக்கு வெளியே நின்று, "டீச்சர், பிள்ளைய இங்க விட்டுட்டுப் போறேன். தண்ணி பக்கத்துலயே இருக்கு, குடிச்சுக்குவா. சித்த பாத்துக்குங்க" என்றாள்.

"போயிட்டு வாங்க. எம் பிள்ளையாச்சே, நான் பாத்துக்க மாட்டேனா?" என்றாள் மாதி, கூட்டுக்குள் இருந்தபடியே.

அன்று காலையில்தான் மசணனும் அவன் கூட்டமும், மேல்மலையில் அத்தி பழுத்திருக்கிறது என்று கேட்டு, மரத்துக்கு மரம் தாவிப் போயிருந்தார்கள். இது மாதிக்குத் தெரியாது. நஞ்சிக்கும் தெரியாது.

வெயில் ஏறியது. கூட்டுக்குள் முட்டைக்கு நிழல் கொடுத்து உட்கார்ந்திருந்த மாதியின் காதில் நஞ்சியின் குரல் விழுந்தது.

"கேரளம், வரட்டுமா?"

மாதிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. விடுமுறையிலும் பாடத்தை மறக்கவில்லை பார், எவ்வளவு சமத்து என்று நினைத்துக்கொண்டாள்.

"கேரளம், வரட்டுமா? மசணா, வரட்டுமா?"

குரங்கு எப்போதும் போல விளையாட்டுக் காட்டுகிறான் போலிருக்கிறது, கொஞ்சம் பொறுத்து வா என்பான் என்று நினைத்தாள். எழுந்து பார்த்திருக்கலாம். முட்டை சூடாகிவிடுமே என்று எழவில்லை. ஒரு நிமிஷம் எழுந்து அந்தச் சுவருக்கு மேலே தலையை நீட்டியிருந்தால் போதும்.

உச்சிப் பொழுதில் குரல் மெலிந்தது. "வரட்டுமா" என்பது மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. குடித்துவிட்டுப் படுத்துத் தூங்குகிறாள் என்று மாதி நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

வெயில் தாழ்ந்த பிறகுதான் கூட்டை விட்டு வெளியே வந்தாள்.

நஞ்சி கோட்டருகில் படுத்திருந்தாள். முன்னங்கால் இரண்டையும் ஒழுங்காக மடித்து, கோட்டுக்கு இந்தப் பக்கமே வைத்திருந்தாள். மூக்கு மட்டும் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. கோட்டிலிருந்து தண்ணீர் பத்தே எட்டு வைக்கும் தூரம்.

"நஞ்சி... ஏ நஞ்சி... எந்திரி கண்ணு. நான் சொல்றேன், டீச்சர் சொல்றேன், போ. போய்க் குடி" என்றாள் மாதி. குட்டியின் காது அசையவில்லை. மாதி தண்ணீருக்கு ஓடினாள், அலகில் ஒரு சொட்டு மொண்டு வந்தாள், அதன் வாயில் விட்டாள். அது கடைவாயில் வழிந்து மண்ணில் விழுந்தது. மறுபடி ஓடினாள், மறுபடி கொண்டு வந்தாள். எத்தனை தடவை என்று அவளுக்கே தெரியாது.

சிங்கி திரும்பி வந்தாள். வாயில் ஒரு பிடி புல் இருந்தது. குட்டியைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை, திட்டவில்லை.

"தண்ணி இங்கதானே இருக்கு, டீச்சர்? ஏன் குடிக்கல?"

திட்டியிருந்தால்கூட மாதி தாங்கியிருப்பாள். கோட்டைக் காட்டினாள். சிங்கி குனிந்து பார்த்தாள். அவளுக்கு அது காய்ந்த மண்ணில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். "இதுக்கா?" என்றாள். புல்லைக் குட்டியின் முகத்தருகே வைத்துவிட்டு, பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

மசணன் கூட்டத்துக்கு முன்னால் ஓடி வந்தான். நஞ்சிக்கென்று ஓர் அத்திப்பழம் கையில் வைத்திருந்தான். விஷயம் புரிந்ததும் மரத்தில் ஏறாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் வான்னுதான் சொல்லியிருப்பேன், டீச்சர். சத்தியமா சொல்லியிருப்பேன். நான் இங்க இல்லையே..."

அப்போதுதான் மாதிக்குள் ஏதோ அறுந்தது. இரண்டு காலாலும் கோட்டை அழிக்கப் பார்த்தாள். இறுகிய மண் அசையவில்லை. நகம் பெயர்ந்தது, கோடு பெயரவில்லை. திரும்பிக் கூட்டுக்கு ஓடினாள். கோரையைப் பிடுங்கினாள், நாணலை உடைத்தாள், பஞ்சைக் காற்றில் விட்டாள். வட்டமாக நின்ற சுவரும் ஒரு கோடுதானே. நாலு முட்டையும் வெறுந்தரையில் கிடந்தன. அவள் கணவன் ஓடி வந்து, "என்னடி இது, முட்டைய மிதிச்சிருவாங்களே!" என்று பதறினான்.

"வர்றவங்களுக்கு நான் சத்தம் குடுத்துக்கிறேன். இனிமே நம்ம வீட்டுக்குச் சுவர் வேண்டாம். எனக்கு எல்லாப் பக்கமும் கண்ணு தெரியணும்" என்றாள் மாதி.

அழுது அழுது அவள் கண்ணோரத்தில் தோல் சிவந்து தடித்துவிட்டது. அந்தச் சிவப்பு பிறகு வடியவே இல்லை. அந்த ஆடியில் புது வெள்ளம் வந்து மோயாற்றங்கரைக் கோட்டைக் கரைத்துக்கொண்டு போயிற்று. ஆனால் மற்ற ஊர் டீச்சர்கள் அவளிடம் கற்றுக்கொண்டு போய்ப் போட்ட கோடுகள் எத்தனை கரையில், எத்தனை காட்டில் இருக்கின்றனவோ, அவளுக்குத் தெரியாது. தேடிக்கொண்டு கிளம்பினாள். நாலடி ஓடுவாள், நின்று தரையைப் பார்ப்பாள், மறுபடி ஓடுவாள். எங்கேயாவது ஒரு காலடி ஓசை கேட்டால், அது மானோ மனிதனோ, யாரோ ஒருத்தர் எங்கோ நின்று வழி கேட்கிறார் என்று அவளுக்குப் பதறும். பதில் சொல்ல ஆள் இல்லாமல் போய்விடக் கூடாது என்று பறந்து வந்து, தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்துவாள்.

அன்று முதல்தான் ஆட்காட்டி கூடு கட்டுவதை விட்டது. தரையில் எதையோ தேடுவது போல ஓடி ஓடி நிற்கிறது. ஆற்றங்கரையில் நாம் கால் வைத்ததும், அடங்கிய குரலெல்லாம் மறந்து, "போ, தாண்டிப் போ, தாண்டிப் போ" என்று நஞ்சிக்குச் சொல்ல வேண்டியதை நம் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது.