தானே சுருதி சேரும் கிட்டார்

நாகர்கோவில் மெல்லிசைக் குழு ஒன்றில் கிட்டார்களுக்குச் சுருதி சேர்ப்பவன் ஜெபமணி. மேடைக்குப் பின்னால் தனியாகவே இருப்பான். ஒருநாள் குழுவின் தலைவரும் பாடகருமான டென்னிஸ் புது எலெக்ட்ரிக் கிட்டாரோடு வந்தார். பொத்தானை அழுத்தியதும் அது தானே கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டது. டிரம்ஸ்காரர் கைதட்டினார். கிட்டார் வாசிக்கும் சேவியரோ, "எனக்கென்னவோ பிடிக்கல" என்று முகம் சுளித்தார்.

டென்னிஸ் ஜெபமணியைக் கூப்பிட்டார். "இது செய்யாத வேலை ஒண்ணு நீ செய்வியாடே? சொல்லு, உன்னை வச்சுக்கிடுதேன்."

"நீங்க பாட்டுல தப்பும்போதெல்லாம், கிட்டார்ல சுருதி சரியில்லன்னு என்னைத்தானே ஏசுவீங்க? இனி யாரை ஏசுவீங்க, அண்ணே?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டென்னிஸுக்கு முகம் சிவந்தது. "சரி, வேன்ல ஏறு" என்றார்.

வேலை பிழைத்தது. ஆனால் அதன்பின் டென்னிஸ் அவனை ஏசவே இல்லை. அந்தக் குழுவில், ஏசுவதற்காகவாவது அவனிடம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.