வளர்ந்த சக்கரம்

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டைக் கோடைமாறன் என்றோர் அரசன் ஆண்டான். அவன் ஆண்டானா, அவனுடைய கோபம் ஆண்டதா என்பதில் குடிகளுக்கு ஐயம் உண்டு.

ஆண்டுதோறும் அவனுடைய நேர்ச்சைத் தேர் அரண்மனை வாசலிலிருந்து கொற்றவை கோயில்வரை நாலாயிரத்து நூறு முழம் ஓடும். ஓடும்போது எவரும் பார்க்கக் கூடாது என்பது விதி. ஆகவே சக்கரம் ஒருமுறை சுற்றினால் தேரோட்டி ஒரு கழற்சிக்காயைக் கூடையில் இடுவான். நானூற்றுப் பத்துக் காய் சேர்ந்தால் நேர்ச்சை நிறைவு. அந்த ஆண்டு கூடையில் நானூறே கிடந்தன.

தேர்ச்சாலை அதிபர் சொக்கநாயகம் துள்ளி எழுந்தார். தேரோட்டி இருளப்பனை அரசன் புகழும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு எரியும்.

"சுற்றுக்குப் பத்து முழம், அரசே! பத்துச் சுற்றுக் குறைவென்றால் நூறு முழம் குறைவு. குறுக்குவழியில் ஓட்டித் தெய்வத்தையே ஏய்த்துவிட்டான்!"

"யானையைக் கொண்டுவா" என்றான் அரசன்.

இருளப்பனின் தலை கல்லின்மேல் கிடந்தது. சங்கிலி குலுங்க யானை வந்தது. கூட்டத்தில் நின்ற அவன் மனைவி வேம்பிக்கு, அந்த நேரம் பார்த்து ஓர் அரளிமாலை நினைவுக்கு வந்தது. சக்கர விளிம்பைச் சுற்றி அவள் ஆண்டுதோறும் கட்டும் மாலை சரியாகப் பத்து முழம். இவ்வாண்டு அது ஆறு விரற்கடை எட்டவில்லை. தன் கைமுழத்தையே திட்டிக்கொண்டு மேலும் பூத் தொடுத்தாள். ஓராண்டில் கை குட்டையாகுமா?

"மகாராசா! இந்த முற்றத்தில் ஒரே ஒரு சுற்றுத் தேரை உருட்டுங்கள். பத்து முழம் இருந்தால் என் தலையையும் அதே கல்லில் வைக்கிறேன்!"

சொக்கநாயகம் சிரித்தார். "பத்து முழம் என்பது என் பாட்டனார் எழுதிய ஓலை, பெண்ணே."

"ஓலையா ஓடியது, ஐயா? சக்கரம்தானே ஓடியது! பத்து இல்லையென்றால் நீங்கள் எதை வைப்பீர்கள்?"

"என் பதவியை!"

அரசனுக்குப் பந்தயம் என்றால் பசியும் மறந்துபோகும். கையை உயர்த்தினான். யானையின் தூக்கிய கால் தூக்கியபடி நின்றது.

வேம்பி விளிம்பில் ஓரிடத்தில் ஈரச் சுண்ணாம்பைப் பூசினாள். வீரர்கள் தள்ளினார்கள். தரையில் ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்தது. சுண்ணாம்பு மேலேறி, மறுபுறம் இறங்கி, இரண்டாம் பொட்டை வைத்தது. இடையே அரண்மனை முழக்கோல் புரண்டது. எட்டு. ஒன்பது. பத்து. கோலின் நுனிக்கும் பொட்டுக்கும் நடுவே இன்னும் ஆறு விரற்கடை, அதாவது கால் முழம், தரை மிச்சமிருந்தது.

"பத்தேகால்!" என்றான் அரசன். "சக்கரம் வளருமா?"

"வளர்ந்தது, மகாராசா. வளர்த்த அதிபர் இதோ நிற்கிறார். போன மாதம் மரச்சக்கரத்துக்கு இரும்புப் பட்டை பூட்டித் தங்களிடம் பட்டாடை பெற்றாரே! விளிம்பில் ஒரு விரற்கடைக் கனம் ஏறினால் சுற்றளவில் ஆறு விரற்கடை ஏறும். பெரிய சக்கரம் குறைவாகத்தான் சுற்றும். நானூறு பத்து நாலாயிரம். நானூறு கால் நூறு. என் புருசன் ஒரு முழம்கூடத் திருடவில்லை."

அரசன் கைகாட்ட, இருளப்பனை எழுப்பினார்கள்.

"என்ன வேண்டும், கேள்!"

"இனிமேல் யானையைக் கூப்பிடுவதற்கு முன் முழக்கோலைக் கூப்பிடுங்கள், மகாராசா."

அரசன் தானே குனிந்து முழக்கோலை எடுத்து அவளிடம் நீட்டினான். "இனித் தேர்ச்சாலை உன்னுடையது."

சொக்கநாயகம் அன்றே கூடையைச் சுமந்து, சோதனைக்காக மறுபடி ஓடிய தேரின் பின்னால், சுற்றுக்கு ஒரு காயாக உரக்க எண்ணிக்கொண்டு நடக்கவேண்டியதாயிற்று. நானூறு என்று அவர் வாய் சொன்னபோது, எதிரே கொற்றவை கோயில் வாசல் நின்றது.